வாசகர் கேள்வி – பதில்: வானத்தில் விழும் கறை

கேள்வி: நீர்வண்ணத்தில் தேயிலைச் சரிவும் மூடுபனியும் வரைந்து பழகுகிறேன். ஒவ்வொரு முறையும் வானத்தில் காலிஃபிளவர் ஓரம் மாதிரி கறை விழுகிறது. உடனே சரிசெய்யப் போனால் இன்னும் மோசமாகிறது, கிழித்துப் போட்டுவிடுகிறேன். கை பழகவில்லையா, தாள் சரியில்லையா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டும் இல்லை, நேரம்தான் தவறுகிறது. பூசிய நிறம் பாதி காய்ந்திருக்கும்போது அதைவிட ஈரமான தூரிகை பட்டால், புது நீர் காய்ந்த பக்கம் நோக்கிப் பரவும். போகிற வழியில் இருக்கும் நிறத்துகள்களைத் தள்ளிக்கொண்டு போய், எங்கே நிற்கிறதோ அங்கே குவித்துவிடும். அந்தக் குவியல்தான் நீங்கள் பார்க்கும் ஓரம். சமவெளியில் இந்தப் பாதி ஈர நிலை சீக்கிரம் கடந்துவிடும். கோத்தகிரியில், அதுவும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அது நீண்டுகொண்டே போகும். மேலே பளபளப்பு போய்விட்டதால் காய்ந்துவிட்டது என்று நினைப்போம். தாளுக்குள் ஈரம் அப்படியே இருக்கும். புறங்கையைத் தாளில் லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

கறை விழுந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். முதல் தவறு பெரும்பாலும் சிறியதுதான்; பதறிப்போய்ச் செய்கிற இரண்டாவது திருத்தம்தான் படத்தைக் கெடுக்கிறது. முழுக்கக் காயவிட்ட பிறகு, சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் ஓரத்தை மட்டும் மெல்ல நனைத்து, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தாளின் மேற்பரப்பு பிரிந்து, அடுத்த பூச்சு அங்கே கருத்துவிடும். அல்ட்ராமரைன் நீலம் என்றால் நன்றாகவே எழும்பி வரும். தாலோ நீலம் தாளில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் வானத்துக்குப் பழகும் காலத்தில் அல்ட்ராமரைனே நல்லது.

இனி வராமல் இருக்க இரண்டு காரியங்கள். பலகையின் மேல்பக்கத்துக்குக் கீழே தடிமனான ஒரு புத்தகம் வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். பூச்சு முடிந்ததும் கீழ் ஓரத்தில் தேங்கும் நீரைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அந்த நீரே மேல்நோக்கி ஏறிக் கறையாகும். ஹேர் டிரையர் பயன்படுத்துவதானால் பளபளப்பு மறைந்த பிறகு, ஒரு அடி தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். நீர் தேங்கியிருக்கும்போது காட்டினால் காற்றே நிறத்தைத் தள்ளிவிடும்.

கிழிக்க நினைத்த தாள்களைக் கிழிக்காதீர்கள், அவற்றின் பின்பக்கம் உங்களுக்கு வேண்டும். அதில் ஒரு கை அகலத்துக்கு நீலம் பூசுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெவ்வேறு இடத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, பக்கத்தில் நிமிடத்தை பென்சிலால் குறித்து வையுங்கள். முதலில் விழுந்த சொட்டு ஓரமில்லாமல் கலந்திருக்கும். நடுவில் விழுந்தவை கூரிய ஓரத்தோடு விரிந்திருக்கும். கடைசியில் விழுந்தவை அவ்வளவாகத் தெரியாது. எந்த நிமிடத்தில் கைவைக்கக் கூடாது என்பது அந்த ஒரு துண்டிலேயே தெரிந்துவிடும். ஜனவரி வெயிலில் ஒன்று, நவம்பர் பனிமூட்டத்தில் ஒன்று என இரண்டு துண்டு செய்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு அதே கறையை வேண்டுமென்றே விழவைக்கலாம்: சோலைக்காட்டின் மேல் ஏறிவரும் மேகத்துக்கும், மரப்பட்டையில் படிந்த பாசிக்கும் அது மிகப் பொருத்தம். தெளிந்த நீல வானத்தில் விழுந்தால் அது கறைதான். எல்லாப் பிழையையும் அழகு என்று சொல்லிக்கொள்வது கற்றுக்கொள்ள உதவாது.

கேள்வி: சரியாக வராத படங்களை எல்லாம் சேர்த்து வைக்க வேண்டுமா? பார்த்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது.
– வாசகர், குன்னூர்

பதில்: எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஒரு தாள் போதும். ஆனால் எறிவதற்கு முன் பின்பக்கத்தில் நாள், நேரம், வெயிலா மூட்டமா, என்ன தாள், என்ன நிறங்கள், எந்த இடத்தில் கெட்டது என்று ஓரிரு வரி எழுதுங்கள். ‘நன்றாக இல்லை’ என்று எழுதினால் பயன் இல்லை. ‘மரம் வரையும்போது மலை காயவில்லை’ என்று எழுதினால் அடுத்த முறைக்கு வழி கிடைக்கும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். வரைந்த அன்று இருக்கும் கோபம் கண்ணை மறைக்கும். மறுபடி வரையும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தாளையும் நிறத்தையும் தூரிகையையும் சேர்த்து மாற்றினால், படம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

கேள்வி: தோடா எம்பிராய்டரி முறையில் துணியின் இழையை எண்ணித் தைக்கக் கற்றுக்கொள்கிறேன். நான்கு வரிசை முடித்த பிறகுதான் முதல் வரிசையில் ஓர் இழை தவறியது தெரிந்தது. பிரிப்பதா, விடுவதா?
– வாசகி, ஊட்டி

பதில்: தவறு அந்த ஒரு தையலோடு நின்றுவிட்டதா, அடுத்த வரிசைகளையும் இழுத்துக்கொண்டு போனதா என்று பாருங்கள். ஒரு தையல் மட்டும் நீண்டோ குறுகியோ இருந்தால் விட்டுவிடலாம். முதல் வரிசையைப் பார்த்தே மற்றவற்றை எண்ணியிருந்தால் எல்லாமே ஓர் இழை நகர்ந்திருக்கும். நடுவில் இரு பாதியும் சேரவேண்டிய இடத்தில் சேராது. இது வரைந்து வைத்துத் தைப்பதல்ல, எண்ணிக்கையையே நம்பி நிற்கும் வேலை. ஆகவே பிரிக்கத்தான் வேண்டும்.

பிளேடு வேண்டாம், துணியின் இழையும் சேர்ந்து அறுந்துபோகும். ஊசியின் காதுப்பக்கத்தால் கடைசித் தையலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தூக்குங்கள். பிரித்த சிவப்பு, கறுப்பு நூலை மறுபடி கோர்க்காதீர்கள். துணியில் உரசி உரசிப் பிசிறு எழுந்திருக்கும். வெள்ளைத் துணியில் ஒட்டிய தூசை செலோடேப்பால் ஒற்றி எடுங்கள். அடுத்த துண்டில் தொடங்கும் முன், பத்து இழைக்கு ஒன்றாக வேறு நிற நூலில் தளர்வாக ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள். எண்ணிக்கை தவறினால் பத்துக்குள்ளேயே பிடிபடும். முடிந்ததும் உருவிவிடலாம். இன்னொன்று: 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பெண்களின் வேலை இது. பயிற்சித் துண்டுகளை அந்தப் பெயரில் விற்கவோ கண்காட்சியில் வைக்கவோ வேண்டாம்.

கேள்வி: போன வருடம் வாங்கிய நல்ல 300 ஜிஎஸ்எம் தாளில் இப்போது நிறம் பரவாமல் புள்ளி புள்ளியாக இறங்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தாள் நீரை உடனே உறிஞ்சாமல் இருக்கச் சேர்க்கும் சைஸிங் பசை ஈரத்தில் கெட்டுவிட்டது. மூலையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள்; மேலே நிற்காமல் உடனே உள்ளே போனால் சந்தேகமே வேண்டாம். நீர்வண்ணத்துக்கு அது இனி ஆகாது. பென்சில், கரித்துண்டு, அக்ரிலிக் ஆகியவற்றுக்கு நன்றாகவே உதவும். புதுத் தாள் வாங்கினால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பாலிதீன் உறையில் இறுக மூடி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். உறையைத் திறப்பதை வெயில் அடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.