வனவிலங்குகளைக் காக்க உள்ளூர் மக்களோடு கூட்டுச் சேர்வது நிஜமாகவே பலன் தருமா, இல்லை பெயருக்குத்தானா?

பல இடங்களில் பெயருக்குத்தான். ஒரு நீர்நிலைப் பாதுகாப்புக் குழுவில் இரண்டு வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன். கூட்டம் போட்டோம், மரக்கன்று நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். அங்கே வலை வீசிப் பிழைத்தவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் கூப்பிடவில்லை. கோடையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

ஆனால் பலித்த இடங்களும் உண்டு. நாகாலாந்தின் பாங்டி கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் தோயாங் அணைப் பக்கம் இறங்கி இளைப்பாறும். 2012இல் அவற்றை மீன்வலை கட்டிப் பிடித்துக் கொன்றார்கள். உச்ச நாட்களில் ஒரு நாளைக்கே 12,000க்கு மேல் என்று கணக்கிட்டார்கள். படங்கள் வெளியே வந்ததும் உலகமே அந்த ஊரைத் திட்டியது. அந்த அணைக்காக அவர்களுடைய விளைநிலம் மூழ்கிப்போன கதை திட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! நிலம் போனதால் மீனுக்கு வந்தவர்கள், அதே வலையால் பறவைக்கும் வந்தார்கள்.

மறு ஆண்டே அந்தக் கொலை நின்றது. வனத்துறை, தொண்டு அமைப்புகள், தேவாலயம் எல்லாரும் உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வலை கட்டக் கூடாது என்று தடை போட்டது ஊர்சபை. நாகாலாந்தில் காடு பெரும்பாலும் ஊருக்கும் குலத்துக்கும் சொந்தம். அதனால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. 2013இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட மூன்று பறவைகளில் ஒன்றுக்குப் பெயரே பாங்டி!

ஆப்பிரிக்க நாடான நமீபியாவில் இதே விஷயம் இன்னும் முன்பே நடந்தது. 1980களில் வறட்சியும் கள்ள வேட்டையும் சேர்ந்து யானை, காண்டாமிருகத்தை அழித்துக்கொண்டிருந்தபோது, கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனவிலங்குப் பாதுகாவலர் ஊர்த் தலைவர்களிடம் போய்ப் பேசினார். கள்ள வேட்டையைத் தடுக்க ஊர்க்காரர்களையே காவலர்களாக வைத்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் தலைவர்களே. காவலர்கள் பதில் சொன்னதும் அந்தத் தலைவர்களிடமே. தடம் பார்க்கத் தெரிந்த பழைய வேட்டைக்காரர்களும் அந்தக் காவலர்களில் இருந்தார்கள். பிறகு 1996இல் வந்த சட்டம், வனவிலங்கால் வரும் வருமானத்தில் ஊர்க்காரர்களுக்கு உரிமை கொடுத்தது. இன்று 80க்கும் மேற்பட்ட சமூகக் காப்பகங்கள், அதாவது ஊர்மக்களே நடத்தும் வனவிலங்குப் பகுதிகள், அங்கே இருக்கின்றன.

இதிலும் ஓட்டை இருக்கிறது. சுற்றுலாப் பணத்தை நம்பியிருந்ததால் 2020இல் கொரோனா வந்ததும் அந்த வருமானம் படுத்துவிட்டது. மாட்டைச் சிங்கம் அடித்தால் நஷ்டம் அந்த ஒரு வீட்டுக்கு. பயணி கொடுக்கும் காசோ ஊர் முழுக்கப் பங்காகிறது. இந்தக் கணக்கு எங்கேயும் சுலபமாக நேராவதில்லை.

எங்கள் பழைய குழுவை மறுபடி கூட்டப் போகிறார்களாம், என்னையும் அழைத்தார்கள். மீனவர்களைக் கூப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். "அவங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்கள். நான் போகவில்லை.