ட்ரெமலோ ஸ்பிரிங்: மூன்று போதுமா, ஐந்து வேண்டுமா?

கேள்வி: என்னுடையது ஸ்ட்ராட் வகை கிட்டார். 09-42 செட்டைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடிமனான 10-46 தந்தி போட்டேன். சுருதி சேர்த்து முடித்துப் பார்த்தால் பிரிட்ஜின் பின்பக்கம் நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தந்திகளும் உயரமாகிவிட்டன. பின்மூடியைத் திறந்தால் மூன்று ஸ்பிரிங்தான் இருக்கின்றன. இன்னும் இரண்டு வாங்க வேண்டுமா? வின்டேஜ், ஹெவி, நாய்ஸ்லெஸ் என்று பல பெயரில் விற்கிறார்கள். எது நல்லது?

பதில்: முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள், பணப்பை அப்புறம். பிரிட்ஜில் நடப்பது ஒரு கயிறு இழுக்கும் போட்டிதான். முன்பக்கம் ஆறு தந்திகள், பின்பக்கம் ஸ்பிரிங்குகள். ஸ்ட்ராட்டின் தந்தி நீளத்தில், வழக்கமான சுருதியில், 09-42 செட் மொத்தமாகச் சுமார் 38 கிலோ இழுக்கும். 10-46 செட் சுமார் 47 கிலோ. முன்பக்கம் இழுவை கூடியது, பின்பக்கம் அப்படியே இருக்கிறது, அதனால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்துவிட்டது.

பின்னறையில் ஸ்பிரிங்குகளின் மறுமுனை மாட்டியிருக்கும் தகட்டுக்கு க்ளா என்று பெயர். அதை இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிடித்திருக்கும். அவற்றை உள்ளே முறுக்கினால் ஸ்பிரிங் இன்னும் நீளும், பிரிட்ஜ் கீழே இறங்கும். அதற்கு முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். முழுச் சுருதியில் வைத்து முறுக்கினால் சுருதி ஏறி மெல்லிய ஈ தந்தி அறுந்துபோகலாம். இரண்டு ஸ்க்ரூவையும் அரைச்சுற்று முறுக்கிவிட்டு, ஆறு தந்தியையும் மறுபடி சுருதி சேர்த்து, பிரிட்ஜைப் பாருங்கள். போதவில்லையா, இன்னொரு அரைச்சுற்று. ஒரு தந்தியை ஏற்றினால் மற்ற ஐந்தும் கொஞ்சம் இறங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சுற்று ட்யூன் செய்ய வேண்டிவரும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், குறுக்கு வழி கிடையாது. ஆறு ஸ்க்ரூ வைத்த பழைய பாணி பிரிட்ஜுக்குப் பின்விளிம்பில் சுமார் 3 மி.மீ. இடைவெளியும், இரண்டு தூண் வைத்ததற்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருந்தால் சரி. தந்தியைப் பூட்டி வைக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ் என்றால் தகடு உடலுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும்.

முறுக்கி முறுக்கி க்ளா மரச்சுவரில் முட்டிவிட்டது, பிரிட்ஜ் இன்னும் இறங்கவில்லை என்றால்தான் நான்காவது ஸ்பிரிங் அவசியம். மற்றபடி எண்ணிக்கை உங்கள் கைக்குப் பிடித்ததைப் பொறுத்தது. சமநிலையில் நிற்கும்போது மூன்று ஸ்பிரிங் ஆனாலும் ஐந்து ஆனாலும் மொத்த இழுவை ஒன்றுதான். மூன்று அதிகமாக நீண்டிருக்கும், ஐந்து குறைவாக நீண்டிருக்கும். வித்தியாசம் பிரிட்ஜ் அசையும்போதுதான் தெரியும். ஐந்து ஸ்பிரிங் போட்டால் அதே அசைவுக்கு அதிக எதிர்ப்பு கிடைக்கும். பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடியான பார் கனக்கும்.

கையில் கிட்டார் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஜி தந்தியை ஒரு முழு டோன் வளைத்துக்கொண்டே, பக்கத்து பி தந்தியைத் திறந்தபடி ஒலிக்க விடுங்கள். உடலில் ஒட்டாமல் மிதக்கும் பிரிட்ஜில் பி மெல்லக் கீழே வழுக்குவது காதில் விழும். நீங்கள் வளைத்த இழுவை பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துவிட்டது. மூன்று ஸ்பிரிங்கில் இந்த வழுக்கல் நன்றாகத் தெரியும், ஐந்தில் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. லேசாகப் பாரைத் தொட்டு நடுக்கம் கொடுப்பவர்களுக்கு மூன்று போதும். வளைத்து வளைத்து வாசிப்பவர்களுக்கு நான்கு நல்லது என்பது என் கட்சி. ஐந்து போட்டு மிதக்கவிட்டால் ஸ்பிரிங்குகள் அதிகம் நீளாமல் நிற்கும். பாரை மேலே இழுக்கும்போது தளர்ந்து கொக்கியிலிருந்து நழுவவும் கூடும்.

வின்டேஜ் என்று விற்பவை பெரும்பாலும் மென்மையானவை, ஹெவி என்றால் விறைப்பானவை. நிறம், பூச்சு எல்லாம் அலங்காரம். உண்மையில் பார்க்க வேண்டியது உங்கள் பழைய ஸ்பிரிங்கின் நீளமும், அதன் முனை பிளாக்கின் (பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் உலோகக் கட்டி) துளைக்குள் நுழையும் தடிமனும்தான். கடைக்குப் போனால் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே செட்டாக வாங்குங்கள். மீதமான பழையதைக் கலந்துதான் ஆக வேண்டும் என்றால், நடுவில் ஒன்று, இரு ஓரத்திலும் ஒரே மாதிரி இரண்டு என்று வையுங்கள்.

கேள்வி: பாரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் சுருதி பழைய இடத்துக்கு வருவதில்லை. ஸ்பிரிங் பழசாகிவிட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. எஃகு ஸ்பிரிங் அத்தனை சீக்கிரம் சோர்ந்துபோவதில்லை. துருவேறியிருந்தால், அல்லது கழற்றி வைக்கும்போது ஒன்று மட்டும் நீண்டு கிடந்தால் மாற்றுங்கள். மற்றபடி ஸ்பிரிங்கின் மேல் பழி போடுவதற்கு முன் நட்டை, அதாவது கழுத்தின் தலைமுனையில் தந்திகள் அமரும் பள்ளங்கள் வெட்டிய பட்டையை, பாருங்கள்.

சுருதி எந்தப் பக்கம் விலகுகிறது என்று ட்யூனரில் கவனியுங்கள். பாரை அழுத்தித் திரும்பிய பிறகு சுருதி ஏறியிருந்தால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு முழுதாகத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்தாலே பல கிட்டார்களில் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். தடிமனான தந்திக்கு மாறியிருந்தால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியிருக்கும். அதை விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள், அராவி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மாறாகச் சுருதி இறங்கியிருந்தால், புதுத் தந்தி இன்னும் படியவில்லை, அல்லது சுருதி சேர்க்கும் பெக்கில் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் விலகினால் பிரிட்ஜ் சாயும் கத்திமுனை மழுங்கியிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பாரே உபயோகிப்பதில்லை. அடிக்கடி தடித்த ஈ தந்தியை டி-க்கு இறக்கி டிராப் டி சுருதிக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் மற்ற தந்திகளின் சுருதி ஏறிவிடுகிறது.

பதில்: ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி அசையாமல் உட்காரும்வரை க்ளாவை முறுக்குங்கள். இதற்குக் காசு கொடுத்து விசேஷ செட் எதுவும் வேண்டாம், சாதாரண ஸ்பிரிங்கே போதும். இன்னும் உறுதி வேண்டுமானால் பிளாக்குக்கும் பின்சுவருக்கும் நடுவில் அளவாக ஒரு மரத்துண்டை வையுங்கள். எரிக் கிளாப்டன்கூடத் தன் ஸ்ட்ராட்டில் இப்படித்தான் பிரிட்ஜை அடைத்து வைத்திருந்தார். பாரை இழுப்பதும் வளைப்பின்போது சுருதி வழுக்குவதும் சேர்ந்தே போய்விடும்.

கேள்வி: வாசித்து நிறுத்திய பிறகும் பின்னால் ஸ்பிரிங் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பதில்: ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டை ஸ்பிரிங்குகளுக்கு அடியில் செருகினால் அடங்கும். சிலர் ஸ்பிரிங்குக்குள்ளேயே மெல்லிய ரப்பர் குழாய் நுழைத்துவிடுவார்கள், நாய்ஸ்லெஸ் செட்டுகள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஸ்பாஞ்சு பிளாக்கில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பார் நடுவழியில் தடுக்கும். கையோடு, க்ளாவில் பற்றவைத்திருக்கும் கிரவுண்டு வயர் விட்டுப்போகவில்லையா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அது அறுந்திருந்தால் ஆம்பில் வரும் இரைச்சலுக்கு ஸ்பாஞ்சு எதுவும் செய்யாது.