ஈஈஜி கேள்வி பதில்: உணர்ச்சி, வலிப்பு, அப்புறம் அந்த 98 சதவீதம்

ஈஈஜி என்பது தலையில் மின்முனைகள் வைத்து எடுக்கும் மூளையின் மின் அலைப் பதிவு. அந்தப் பதிவுகளைக் கணினியில் அலசுவது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. யாருடைய ரிப்போர்ட்டையும் பார்த்து நோய் சொல்ல மாட்டேன். மற்றபடி கேளுங்கள்.

கேள்வி: ஒருவர் கோபமாக இருக்கிறாரா, சோகமாக இருக்கிறாரா என்று மூளை அலையை வைத்து நிஜமாகவே சொல்ல முடியுமா?

அப்படிப் பெயர் வைத்துச் சொல்லும் அளவுக்கு முடியாது. பெரும்பாலான ஆய்வுகள் தேடுவது இரண்டே விஷயம்: அனுபவம் பிடித்ததா பிடிக்கவில்லையா, மனம் கிளர்ந்திருக்கிறதா அடங்கியிருக்கிறதா. அதற்கும் ஆதாரம், காட்சியைப் பார்த்தவர் தானே போடும் மதிப்பெண்தான். 2012-ல் வெளியான, ஆய்வாளர்கள் பொதுவில் பயன்படுத்தும் டீப் (DEAP) என்ற ஈஈஜி தரவுத் தொகுப்பில் 32 பேர், ஆளுக்கு 40 இசைக் காணொளிகள் பார்த்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டார்கள். ஆய்வாளர்கள் 5-ல் ஒரு கோடு கிழித்து மேலே ‘உயர்வு’, கீழே ‘தாழ்வு’ என்று பிரித்துவிடுகிறார்கள். 4.8 போட்டவரும் 5.2 போட்டவரும் எதிரெதிர் வகுப்பு! தூக்கமா விழிப்பா, மயக்க மருந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதெல்லாம் ஈஈஜியில் நன்றாகத் தெரியும். உணர்ச்சி அந்த ரகம் இல்லை.

கேள்வி: சார், டீப் தொகுப்பில் எனக்கு 98 சதவீதத் துல்லியம் வந்திருக்கிறது. கட்டுரையாக அனுப்பலாமா?

தரவைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் எப்படிப் பிரித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் ஊகிக்கிறேன்: ஒரு நிமிடப் பதிவை ஒவ்வொரு நொடியாக நறுக்கி, எல்லாவற்றையும் கலந்து, பத்துப் பங்காக்கி, ஒன்பதில் பயிற்சி, ஒன்றில் தேர்வு. ஒரே காணொளியின் 17-ஆவது நொடி பயிற்சியில் இருக்கிறது, 18-ஆவது நொடி தேர்வுக்கு வருகிறது. இரண்டுக்கும் ஒரே விடை. வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டு வைத்த பரீட்சை இது. மாடல், அதாவது தரவிலிருந்து கற்கும் கணினி நிரல், உணர்ச்சியைக் கற்க வேண்டிய தேவையே இல்லை. மின்முனைக்கு அடியில் பசை எவ்வளவு காய்ந்திருக்கிறது, ஆள் எப்படி உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு சொக்கிப்போயிருக்கிறார் என்பவை சேர்ந்து ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முத்திரை இருக்கும். அது எந்தப் பதிவு என்று தெரிந்தால் விடையும் தெரிந்துவிடும். போதாததற்கு, ஈஈஜி ஆளுக்கு ஆள் மாறுவது. அதை வைத்தே ஆளை அடையாளம் காணும் ஆய்வுகள் உண்டு.

ஒரு ஆளை முழுவதுமாக வெளியே வைத்துப் பயிற்சி கொடுங்கள், பிறகு அவரை வைத்துச் சோதியுங்கள். 98 நிற்காது. இன்னொன்று: மதிப்பெண்களில் 60 சதவீதம் ‘உயர்வு’ என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘உயர்வு’ சொன்னாலே 60 வரும். உங்கள் எண் அதைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: ஆல்ஃபா அலை அதிகமானால் மன அமைதி என்கிறார்களே?

8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஆல்ஃபா, கண்ணை மூடினால் பின்மண்டையில் எழும், திறந்தால் அடங்கும். மனிதரின் ஈஈஜியை முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் 1929-ல் முதல் கட்டுரை வெளியிட்ட காலத்திலிருந்தே தெரிந்த அலை. கண்ணை மூடினாலே கூடுவதை மன அமைதி என்று படிக்க முடியாது. அலைக்கு ஒரு உணர்ச்சி என்று போட்டிருக்கும் அட்டவணைகளைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: என் சோதனையில் காமா அலைதான் உணர்ச்சியை மிகச் சரியாகப் பிரிக்கிறது. ஏன்?

நெற்றியும் தாடையும் வேலை செய்வதால் இருக்கலாம். தசையின் மின்சாரம் சுமார் 20 ஹெர்ட்ஸில் தொடங்கிச் சில நூறு வரை போகும். காமா 30-க்கு மேல்; இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றன. தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைத்து, விழித்திருப்பவர்களிடம் பதிவு எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. 20 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததில் பெரும்பகுதி காணாமல் போனது. நகைச்சுவைக் காட்சிக்கு ஆள் சிரித்தார், மாடல் சிரிப்பைப் பிடித்தது. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பொறியாளரின் மறுப்பு: தசையோ மூளையோ, விடை சரியாக இருந்தால் போதாதா? முகமும் உணர்ச்சியின் பகுதிதானே?

போதும், பெயரை மாற்றிக்கொண்டால். கன்னத்தில் ஒன்று, புருவத்தில் ஒன்று என்று உணரி ஒட்டினால் இதைவிடச் சுத்தமாகக் கிடைக்கும். தலை முழுக்க 32 மின்முனை எதற்கு? பார்க்கின்சன் நோயால் முகம் இறுகியவர் மகிழ்ச்சியாக இருந்தாலும் உங்கள் கருவிக்குத் தெரியாது. மரியாதைக்குச் சிரிப்பவர் மகிழ்ச்சியானவராகத் தெரிவார். ஆனால் பெட்டியில் ‘மூளை சொல்கிறது’ என்று அச்சாகியிருக்கும். அதை யார் எதிர்த்துப் பேச முடியும்?

அவரே மீண்டும்: எங்கள் கருவி ஒரே ஆளுக்குப் பழக்கப்படுத்துவது. வேறு ஆளை வைத்துச் சோதிக்கச் சொல்வது நியாயமா?

நியாயமான கேள்வி. உங்கள் விஷயத்தில் ஆளை வெளியே வைக்க வேண்டாம். ஒரு நாளின் பதிவை முழுவதுமாக வெளியே வையுங்கள். திங்கள்கிழமை பயிற்சி, வியாழக்கிழமை தேர்வு. நொடிகளைக் கலந்தால் உங்களுக்கும் அதே கதிதான். காட்சிகளின் வரிசையையும் கலைக்க வேண்டும். 2017-ல் ஈஈஜியை வைத்து, பார்க்கும் படம் 40 வகைகளில் எது என்று சொல்ல முடியும் என ஒரு ஆய்வு வந்து பெரிய பேச்சானது. ஒவ்வொரு வகைப் படங்களையும் மொத்தமாக, அடுத்தடுத்துக் காட்டியிருந்தார்கள். வேறொரு குழு வரிசையைக் கலைத்துக் காட்டியபோது துல்லியம் குருட்டு ஊகத்தின் அளவுக்கு இறங்கிவிட்டது. மாடல் படித்தது படத்தை அல்ல, அந்த நேரத்தை.

இன்னொருவர்: அப்படியானால் இந்தத் துறையே ஏமாற்றா?

இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, தரவைத் தவறாக வெட்டுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கேள்வி: மனச்சோர்வை இடது, வலது முன்மூளை ஆல்ஃபா வித்தியாசத்தில் கண்டுபிடிக்கலாமா?

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு அலசல், நோயறிய அது உதவாது என்றே முடித்தது. இதில் மருந்துச் சிக்கல் வேறு. பதற்றத்துக்குத் தரும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் பீட்டா என்ற வேகமான அலையைக் கூட்டும். மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் அலைகளை மந்தமாக்கும். ஒரு பக்கம் மாத்திரை சாப்பிடும் நோயாளிகள், மறுபக்கம் சாப்பிடாத ஆரோக்கியமானவர்கள் என்று வைத்தால் மாடல் கண்டுபிடிப்பது மருந்துச் சீட்டைத்தான். இதே கேள்வியை மனச்சிதைவுக்குக் கேட்டவருக்கும் இதே பதில்.

கேள்வி: கவனக்குறைபாட்டைக் (ADHD) கண்டுபிடிக்க, மெதுவான தீட்டா அலைக்கும் பீட்டாவுக்கும் உள்ள விகிதம் உதவுமா?

2013-ல் அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு ஒரு கருவியை அனுமதித்தது, மருத்துவரின் சோதனைக்குத் துணையாக மட்டும். 2016-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, இந்த விகிதத்தை அந்தச் சோதனைக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்றது. அங்கேயே நில்லுங்கள்.

கேள்வி: ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஈஈஜி தொகுப்பில் வலிப்பை 100 சதவீதம் கண்டுபிடித்துவிட்டேன்.

எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். 2001-ல் வந்த அந்தத் தொகுப்பில் ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 23.6 நொடித் துண்டுகள் 100. ஆரோக்கியமானவர்களின் பதிவு தலைத்தோலிலிருந்து எடுத்தது. நோயாளிகளின் பதிவு மண்டையோட்டுக்கு உள்ளே வைத்த மின்முனையிலிருந்து. நடுவில் இருக்கும் எலும்பைக் கண்டுபிடித்ததற்கும் அதில் பங்கு உண்டு. மருத்துவர் கேட்பது வேறு: நாள் முழுக்க ஓடும் பதிவில் எத்தனை வலிப்பைத் தவறவிட்டது, மணிக்கு எத்தனை பொய் எச்சரிக்கை? பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நீண்ட பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. அங்கே முயன்று பாருங்கள், குழந்தை வாரியாகப் பிரித்து.

கேள்வி: மாடல் வகைகளில் சிஎன்என் நல்லதா, டிரான்ஸ்ஃபார்மர் நல்லதா?

ஆள்வாரியாகப் பிரித்தீர்களா? பிரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு 99.2 வந்தது...

மேலே பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஈஈஜி நார்மல் என்று வந்தது. ஆனாலும் டாக்டர் வலிப்பு என்று மாத்திரை தருகிறார். நிறுத்திவிடலாமா அண்ணா?

நிறுத்தாதீர்கள் அம்மா. திடீரென நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரலாம். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் பதிவில் எதுவும் தெரியாது; எடுத்த அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது என்பதுதான் ‘நார்மல்’. மருத்துவர் முடிவு செய்வது என்ன நடந்தது என்பதை வைத்து. அடுத்த முறை வந்தால், பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வேறு யாராவது போனில் வீடியோ எடுக்கட்டும். தூக்கத்தில் பதிவு எடுக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: புதிதாக ஆரம்பிக்கிறேன். முதலில் எந்த மாடல் படிக்கட்டும்?

மாடலே வேண்டாம். உங்கள் தலையிலேயே பதிவு எடுத்து, கண் சிமிட்டி, பல்லைக் கடித்து, கண்ணை மூடித் திறந்து, ஒவ்வொன்றும் திரையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஈஈஜி டெக்னீஷியன் யாராவது பக்கத்தில் உட்கார அனுமதித்தால் விடாதீர்கள். இது மூளை, இது கண், இது தளர்ந்த ஒயர் என்று சொல்ல வந்த பிறகு மாடலைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.