இட்லிப் பொடியா, டீத்தூளா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆறு வருடமாக வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறேன். முன்பு சாதாரண கவரில் சிவப்பு எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன், நன்றாகப் போனது. மூன்று மாதத்துக்கு முன் என் தங்கை மகனின் நண்பர் புது லோகோ போட்டு, பழுப்புக் காகித பவுச்சும் செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் சூப்பர் என்கிறார்கள், கடையில்தான் நகரவில்லை. மூன்று பாக்கெட்டும் அனுப்பியிருக்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பொடி அருமை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணெய் விட்டு இரண்டு நாள் அதைத்தான் சாப்பிட்டோம்.

பாக்கெட் என் மேஜையில் இருந்தபோது எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் யாரும் மேஜையில் வைத்து வாங்குவதில்லையே, அதனால் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துப்போய், அண்ணாச்சியிடம் கேட்டு, மசாலா பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டுக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். ஆறடி தூரம் இருக்கும். சாமான் வாங்க வந்த ஒரு அம்மாவிடம் "அந்தப் பழுப்பு பாக்கெட்டில் என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். "டீத்தூள்தானே?" என்றார். அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார்.

காரணம் அந்த இலை. கறிவேப்பிலையைத்தான் வரைந்திருக்கிறார், ஆனால் ஒற்றை இலையாக. நாம் கறிவேப்பிலையை இணுக்கு இணுக்காகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். பழுப்புக் காகிதத்தில் ஒற்றைப் பச்சை இலை என்றால் மனசு நேராகத் தேயிலைக்குத்தான் போகும். சரி, எழுத்தாவது காப்பாற்றுமா என்று பார்த்தால், பிராண்டு பெயர் பெரிதாக இருக்கிறது, 'இட்லிப் பொடி' அதன் கீழே நூல் மாதிரி மெல்லிசாக, அளந்து பார்த்தேன், நான்கு மில்லிமீட்டர் உயரம். சொரசொரப்பான காகிதத்தில் மை ஊறியதில் புள்ளிகள் மறைந்து 'இடலிப பொடி' ஆகிவிட்டது. தமிழ் எழுத்துக்குப் புள்ளியும் சுழியும்தான் உயிர். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஓகே சொன்னால் இது தெரியவே தெரியாது. அச்சுக்குப் போவதற்கு முன் அதே காகிதத்தில், அதே அளவில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்று பொடிக்கும் ஒரே பாக்கெட் என்பதும் தப்பு. உங்களிடம் மூன்று நிறம் தயாராக இருக்கிறது: இட்லிப் பொடிக்கு மிளகாய்ச் சிவப்பு, பருப்புக்கு மஞ்சள், கறிவேப்பிலைக்குப் பச்சை. பழுப்புக் காகிதத்தில் நேரடியாக அடித்தால் எந்த நிறமும் மங்கும், அடியில் வெள்ளை மை போடச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் வருத்தமானது வேறு. அந்தப் பழைய சிவப்பு எழுத்தை ஏன் விட்டீர்கள்? ஆறு வருடம் உங்கள் வாடிக்கையாளர் தேடி எடுத்தது அதைத்தான். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சு ஜூஸ் இதே தப்பைச் செய்தது. உறிஞ்சு குழல் குத்திய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளர் ஜூஸைப் போட்டார்கள், பெயரைச் செங்குத்தாகத் திருப்பினார்கள். உள்ளே அதே ஜூஸ். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது, பிப்ரவரியிலேயே பழைய அட்டைக்குத் திரும்புகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அப்போது டிராபிகானாவை வைத்திருந்த பெப்சிகோ மாதிரி கம்பெனி அதைத் தாங்கும், வீட்டில் அரைத்து விற்கிற உங்களால் முடியாது. அந்தச் சிவப்பு எழுத்தையே கொஞ்சம் சீர்செய்து லோகோவாக வையுங்கள், இலையே வேண்டாம்.

பின்பக்கம்: முழுக்கத் தமிழில் போட்டிருப்பது எனக்குப் பிடித்தது, ஆனால் சட்டப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்கலாம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்துங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் எண் 14 இலக்கம், உங்களுடையதில் ஒன்று விடுபட்டிருக்கிறது, உடனே பாருங்கள். பார்கோடை அழகுக்காகச் சிவப்பில் அடித்திருக்கிறார். கடை ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிவப்பு ஒளிதான், அதற்குச் சிவப்புக் கோடு தெரியாது. கறுப்புக் கோடு, வெள்ளைப் பின்னணி, அவ்வளவுதான். தேதி முத்திரை குத்த ஒரு வெள்ளைக் கட்டம் விடுங்கள், இப்போது விரல் பட்டாலே அழிகிறது.

அப்புறம், இனிமேல் யாரிடமும் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்துக்காக நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். மூன்று விநாடி காட்டிவிட்டு மறைத்து "இது என்ன?" என்று கேளுங்கள், அதுவும் உங்களைத் தெரியாதவர்களிடம்.

கேள்வி: லோகோவுக்கு ஒரு டிசைனர் 15,000 ரூபாய் கேட்கிறார். மொபைல் ஆப்பில் இலவசமாகவே வருகிறதே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நைக்கியின் அந்தச் சுழிக்கோட்டை 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்தார். ஆப்பின் சிக்கல் வேறு: அதே இலை, அதே வட்டம் இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கும், அதை 'என்னுடையது' என்று நீங்கள் நிலைநாட்டுவது கஷ்டம். டிசைனரிடம் போனால் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு போர்டு எழுத முடியாது. இரண்டு, பதிப்புரிமையை (காப்பிரைட்) உங்களுக்கு மாற்றித் தரும் கையெழுத்திட்ட தாள். பணம் கொடுத்துவிட்டதாலேயே வரைந்தவரின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. அந்தத் தாளில் காலத்தையும் எழுதுங்கள், எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிட்டேன். வட்டத்துக்குள் 'ஆர்' போடலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கூடாது. பதிவுச் சான்று வந்த பிறகுதான், அதற்கு முன் போட்டால் குற்றம். இப்போதைக்கு 'டிஎம்' போட்டுக்கொள்ளுங்கள். பதிவானால் பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் பவுச் அடித்துக் குவிக்காமல், சான்று வரும்வரை கொஞ்சமாக அடியுங்கள்.