வேர் சிகிச்சை செய்த பல்லில் மறுபடியும் சீழ்

கேள்வி: மேல்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து கேப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஈறில் சின்னக் கொப்புளம். வலியில்லை, அழுத்தினால் சீழ் வருகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்கிப் பத்து நாளில் திரும்புகிறது. பிடுங்கிவிடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசரப்படாதீர்கள். மாத்திரையையும் நம்பாதீர்கள். நரம்பும் ரத்தக்குழாயும் எடுக்கப்பட்ட வேருக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வெளியே உள்ள வீக்கம் அடங்கும், உள்ளே கிருமி அப்படியே இருக்கும். வலி இல்லாததற்குக் காரணம், சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டது என்பதுதான்.

முதலில் காரணம் தெரிய வேண்டும். கொப்புளத்தின் துளை வழியாக கட்டாபெர்ச்சா (வேரை நிரப்பப் பயன்படும் ரப்பர் போன்ற பொருள்) குச்சி மெல்லியதாக ஒன்றை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தால், அதன் நுனி எந்த வேரில் போய் நிற்கிறது என்று தெரிந்துவிடும். மேல்தாடை முதல் கடைவாய்ப் பல் என்றால் என் முதல் சந்தேகம், முந்தைய சிகிச்சையில் விடுபட்ட கால்வாய் (வேருக்குள் நரம்பு ஓடும் குழல்) மீதுதான். மூன்று வேர் இருந்தாலும், கன்னப்பக்க முன்வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் இருக்கும். இரண்டாவது மிகக் குறுகலானது. சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துவிடும், சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் தெரியும். கேப்பின் ஓரத்தில் எச்சில் கசிவது, உள்ளே உடைந்து தங்கிய ஃபைல் (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கருவி), வேர் நுனி வரை எட்டாத ஃபில்லிங் ஆகியவையும் காரணமாகலாம்.

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் மட்டும் கதை வேறு. ஈறு ஓரத்தில் அளவுக்குச்சியை வைத்துச் சுற்றிவரும்போது ஒரே ஓர் இடத்தில் திடீரென ஆழமாக இறங்கும். பிளவு உறுதியானால் பெரும்பாலும் பிடுங்குவதுதான் வழி.

மற்றவற்றுக்கு மறு ரூட் கேனல். எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் டேம் திரையை மாட்டி, பழைய ஃபில்லிங்கை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் நன்கு கழுவி, 17 சதவீத ஈடிடிஏ கரைசலால் சுவரில் படிந்த அழுக்கை நீக்க வேண்டும். பிறகு கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமி எதிர்ப்பு மருந்தை உள்ளே வைத்து ஒன்றிரண்டு வாரம் மூடி வைப்பார்கள். இதையும் தாங்கும் பிடிவாதக்காரக் கிருமி ஒன்று உண்டு, என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். அதனால் மருந்தைவிடக் கழுவுவதில்தான் நேரம் செலவாக வேண்டும். ஒரே உட்காரலில் அரைமணியில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் நான் போகமாட்டேன். கொப்புளம் மூடிய பின் நிரப்பி, தாமதிக்காமல் புது கேப் போட வேண்டும்.

கேள்வி: மறு சிகிச்சையும் பலிக்காவிட்டால்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அடுத்த வழி வேர் நுனி அறுவை சிகிச்சை. ஈறைத் திறந்து, மைக்ரோஸ்கோப் உதவியுடன் வேர் நுனியில் சுமார் 3 மி.மீ. வெட்டி, சுற்றியுள்ள நோய்த்திசுவைச் சுரண்டி எடுப்பார்கள். வெட்டிய முகத்தில் அல்ட்ராசோனிக் முனையால் இன்னொரு 3 மி.மீ. குடைந்து எம்டிஏ என்ற பல் சிமெண்டை வைத்து அடைப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போதும். எலும்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும். 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

இடையில் காய்ச்சலோடு வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடச் சிரமமானாலோ பல் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள்.