முந்திரிகைப் புள்ளி நோயை எண்ணுவது எப்படி? கேள்வி பதில்

மாரி தொடங்கியதிலிருந்து முந்திரிகை (திராட்சை) இலைப் புள்ளி பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுப்பதைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள்.

விசுவமடு: என்னிடம் 200 கொடிகள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். 1 முதல் 10 வரை சீட்டு எழுதி ஒன்றை எடுங்கள். 4 வந்தால் 4, 14, 24 என்று பத்துக்கு ஒன்றாகப் பாருங்கள். 20 கொடிகள் வரும். படலையடியில் நிற்கும் கொடியையும் மோசமான கொடியையும் நீங்களாகத் தேடிப் போகக் கூடாது.

பந்தலுக்குக் கீழே நின்று இலையை வானத்துக்கு எதிராகப் பாருங்கள். பற்றீரியாப் புள்ளி தொடக்கத்தில் 1, 2 மில்லிமீற்றர்தான் இருக்கும். எண்ணெய் பட்ட கடதாசி போல வெளிச்சம் ஊடுருவும். பிறகு கறுத்து, சுற்றி மஞ்சள் வளையம் கட்டும். அடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அதைத் தனியாக எழுதுங்கள்.

20 கொடிகளில் 3இல் புள்ளி என்றால் 15 வீதம். மற்ற 17 கொடிகளையும் எழுதுங்கள். ‘இல்லை’ என்பதும் பதிவுதான். அதை எழுதாததால் வீணாய்ப்போன கணக்கெடுப்புகள் எனக்குத் தெரியும். பிறகு கொப்பியில் கட்டம் போட்டு, புள்ளியுள்ள கொடிகளைக் கறுப்பாக்குங்கள். ஒரே வரிசையில் தொடர்ந்து கறுத்தால் கத்தரிக்கோலைச் சந்தேகியுங்கள். தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தால், நட்ட தடியோடேயே வந்திருக்கலாம்.

கத்தரிக்கோலை ஒவ்வொரு கொடிக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

மல்லாவி: என்ன மருந்து அடிக்கலாம்?

எண்ணினீர்களா? எண்ணிவிட்டு வாருங்கள்.

ஓமந்தை: இலை ஓரம் காய்கிறது. கலிபோர்னியாவில் வந்த நோயா ஐயா?

பியர்ஸ் நோயைக் கேட்கிறீர்கள். 1880களில் அங்கே முந்திரிகைத் தோட்டங்களை அழித்தது அதுதான். காரணம் சைலெல்லா என்ற பற்றீரியா. கொடியின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும், சாறுறிஞ்சும் தத்துப்பூச்சிகள் பரப்பும். அதைக் கணக்கெடுக்க மஞ்சள் ஒட்டும் பொறியும் இலைக்காம்பு மாதிரிகளும் வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பும் இலை ஓரத்தை எரிக்கும்.

முள்ளியவளை: முந்திரியில் கொட்டை கறுக்கிறது.

அது கஜு, அக்கா. இங்கே பேசுவது பந்தலில் படரும் முந்திரிகை. கஜுவை வேறு நாளைக்குப் பார்ப்போம்.

கிளிநொச்சி: ட்ரோனில் அரை மணித்தியாலத்தில் முடியும் வேலைக்கு ஏன் சேர் நடக்கச் சொல்கிறீர்கள்?

தம்பி, ட்ரோன் இலையின் மேல்பக்கத்தைத்தான் பார்க்கும். தண்ணீர் குறைந்தாலும் மக்னீசியம் குறைந்தாலும் மேலிருந்து மஞ்சள்தான்.

கிளிநொச்சி மீண்டும்: மஞ்சள் தெரியும் இடத்துக்கு மட்டும் நடக்கலாமே?

பச்சையாய்த் தெரியும் இடத்துக்கு என்ன போடுவீர், பூச்சியமா? அங்கேதானே 1 மில்லிமீற்றர் புள்ளி ஒளிந்திருக்கும்! சரி, இப்படிச் செய்யும்: படத்தை வைத்துத் தோட்டத்தை மஞ்சள், பச்சை என்று பிரித்து, இரண்டிலும் சம எண்ணிக்கையில் கொடி பாரும். அப்போது ட்ரோன் சரியாகச் சொல்கிறதா என்பதும் தெரியவரும். வரைபடத்துக்கு அது நல்லது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மாங்குளம்: நீங்கள் இரண்டு பேரும் ட்ரோனோடு பறந்துவிட்டீர்கள். மாதிரியை எப்படி அனுப்புவது?

மன்னியுங்கள். முழுக்கக் கருகிய இலை உதவாது. புள்ளியும் பச்சையும் சந்திக்கும் இடம் உள்ள இலையை உலர்ந்த கடதாசியில் சுற்றி, வெயில் படாமல் அன்றே கொண்டுபோங்கள். ஈரத்தோடு பொலித்தீனில் கட்டினால் அழுகல்தான் போய்ச் சேரும். நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம். ‘சந்தேகம்’ என்று மட்டும் எழுதுங்கள். சாந்தோமோனாஸ் என்ற பற்றீரியாவால் வரும் முந்திரிகை நோய் 1972இல் இந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்டது, 1998இல் பிரேசிலிலும் கண்டார்கள். நம்முடையது அதுவா என்பதை ஆய்வுகூடம் சொல்லட்டும்.

தர்மபுரம்: என்ன மருந்து அடிக்கலாம்?

மல்லாவிக்குச் சொன்னதுதான்.

கிளிநொச்சி: நாளை விடிய ட்ரோனோடு உங்கள் தோட்டத்துக்கு வரட்டா சேர்?

விடிய வேண்டாம். ஈர இலையில் கை பட்டால் நாமே நோயைக் காவித் திரிவோம். பனி காய்ந்த பிறகு, 10 மணி போல வாரும். கத்தரிக்கோல் கொண்டுவர வேண்டாம்.