ஐந்து வயதுப் பையனுக்குச் சென்னையில் சம்மர் கேம்ப் தேடுகிறோம். எதைப் பார்த்துச் சேர்ப்பது?

ரோபோட்டிக்ஸ், ஓவியம், நீச்சல், யோகா எல்லாம் சேர்ந்த கேம்ப் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், நீங்கள் இருவருமே வேலைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டீஸைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அங்கே ஆயாம்மா எத்தனை பேர், எத்தனை நாளாக வேலை பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஐந்து வயதில் ஒரு குழந்தை ஒரே வேலையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம். மூன்று மணி நேரக் கேம்ப்பில் மீதி நேரமெல்லாம் கை கழுவுவது, பாத்ரூம் போவது, தண்ணீர் பாட்டிலைத் தேடுவது, பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போடுவது என்றுதான் போகும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் மாஸ்டர் இல்லை, ஆயாம்மா. புது இடத்தில் பாத்ரூம் போக வேண்டும் என்று வாய் திறந்து கேட்கவே பல பிள்ளைகளுக்குக் கூச்சம். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கூட்டிப்போகிற ஓர் ஆள் அங்கே வேண்டும். என் மகளை முதன்முதலாக அனுப்பிய வருடம், தெருமுனைப் பிளே ஸ்கூலில் நடந்த சாதாரணக் கேம்ப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். வருடம் முழுக்க இருக்கிற அதே ஆயாம்மாக்கள்தான் அங்கே கோடையிலும் இருந்தார்கள். கல்யாண மண்டபத்தையோ மாடி ஹாலையோ மே மாதத்துக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்து நடத்துகிற கேம்ப்களில் ஆட்களும் அந்த மாதத்துக்கு மட்டும் வந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பார்க்கப் போவதென்றால் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். அப்போது எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். பதினொன்றரைக்கு மேல் போங்கள். சென்னையில் கடற்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய அந்த நேரம்தான் படுத்தி எடுக்கும். பிள்ளைகள் அப்போது எங்கே இருக்கிறார்கள், கரண்ட் போனால் மின்விசிறி ஓட இன்வெர்ட்டர் இருக்கிறதா, யாராவது கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்க வைக்கிறார்களா என்று பாருங்கள். பாத்ரூமுக்குள் எட்டிப் பாருங்கள். 'உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லை' என்றால், எனக்கு அந்த இடத்தில் வேலை இல்லை என்று நான் திரும்பிவிடுவேன். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும். ஏப்ரல் கடைசியில் தொடங்குகிற பேட்ச் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் பலரும் 'சிசிடிவி இருக்குங்க' என்று முடித்துக்கொள்வார்கள். பாத்ரூமில் சிசிடிவி கிடையாது, இருக்கவும் கூடாது. அங்கே பிள்ளையை யார் கூட்டிப்போகிறார்கள், பெண் ஊழியர் மட்டும்தானா, வெளியிலிருந்து வருகிற டிரெயினரோடு பிள்ளைகள் இருக்கும்போது கூட இன்னொருவர் நிற்பாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். பையனைக் கூட்டிப்போக வேறு ஆள் வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற போக்சோ சட்டம் வந்தது 2012இல். பிள்ளைகளை வைத்து இடம் நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்கக் கூடாது.

நீச்சலை இந்த வருடம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இந்த வயதுப் பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு கோச் இறக்கிவிட்டு, காற்றடைத்த டியூப்பை நம்பிக் கரையில் நிற்பது எனக்குச் சரிப்படாது. வேண்டுமென்றால் தனியாகச் சேர்த்து நீங்களே கூட இறங்குங்கள். ரோபோட்டிக்ஸ், அபாகஸ், கோடிங் எதற்கும் இப்போது அவசரமில்லை. இன்னொன்று, வீட்டுக்கு வருகிற காகித மயில் ரொம்ப நேர்த்தியாக இருந்தால் அது மிஸ் செய்த மயில். கோணல் மாணலாகப் பசை வழிந்து வந்தால்தான் உங்கள் பையன் செய்தது.

பாட்டு, பரதம், ஓவியம் போதும் என்றால் அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரித்துப் பாருங்கள். ஐந்து வயதிலிருந்தே சேர்ப்பார்கள், செலவும் குறைவு. சனி ஞாயிறுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. நடுவில் பெரிய செயற்கை மரம் வைத்திருப்பார்கள், பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து புத்தகத்தில் படம் பார்ப்பார்கள்.

வேலைக்குப் போகிற உங்களுக்கு நிஜமான சிக்கல், பெரும்பாலான கேம்ப் பன்னிரண்டரைக்கே முடிந்துவிடுவதுதான். அதற்கப்புறம் வேனில் இன்னோர் இடம், அங்கிருந்து இன்னொரு வகுப்பு என்று அலைய விடாதீர்கள். கேம்ப்பும் டே கேரும் ஒரே கட்டடத்தில் இருக்கிற இடமாக, வீட்டுக்கோ ஆபீசுக்கோ பக்கத்தில் தேடுங்கள். பாட்டி தாத்தா இருந்தால் அரை நாள் கேம்ப்பே தாராளம், மதியம் நன்றாகத் தூங்கட்டும்.

பணம் கட்டும்போது, 'இன்றைக்கே முழுசாகக் கட்டினால் தள்ளுபடி' என்பார்கள். முதல் வாரத்துக்கு மட்டும் கட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், பையன் பிடிக்காமல் அழுதால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கிட், டி-ஷர்ட், கடைசி நாள் விழா உடை எல்லாம் கட்டணத்தில் அடக்கமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.